வாசித்ததையே வாசிக்காதே

ஜூன் 3, செவ்வாய்

லேப்டாப் படுத்துவிட்டது. அதனால் பழைய பிரெயில் பலகையைப் பரணிலிருந்து இறக்கி, கெட்டித் தாளைச் செருகி, ஊசியால் குத்திக் குத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. அரைப் பக்கத்துக்குள் ஆள்காட்டி விரல் மரத்துவிட்டது. ஒரே ஒரு சௌகரியம், என் மனைவி வடிவுக்கு பிரெயில் தெரியாது. என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

நடந்தது இதுதான். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக்காட்டும் மென்பொருள் ஒன்று என் லேப்டாப்பில் உண்டு. ஆபீஸ் வேலை, செய்தி, வாட்ஸப் வம்பு எல்லாம் அதைக் காதால் கேட்டுத்தான். கட்டையான ஆண் குரல். நான் அவருக்கு அண்ணாச்சி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாகவே மெஷின் 'சிஸ்டத்தை அப்கிரேடு செய்யட்டுமா, செய்யட்டுமா' என்று நச்சரித்துக்கொண்டிருந்தது. இன்று காலை குளிக்கப் போகிற அவசரத்தில், தொலையட்டும் என்று சரி கொடுத்துவிட்டேன். ஆபீஸ் முடிந்து வந்து திறந்தால் அண்ணாச்சி திக்குகிறார். பாதி வரி வாசிக்கிறார், தொண்டை அடைத்து நிற்கிறார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

வேறு எப்போது இப்படி ஆகியிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இருபத்திரண்டாம் தேதி பதவி உயர்வுத் தேர்வு. என் லேப்டாப்பில், என் காதால் கேள்வியைக் கேட்டு, என் கையால் பதில் அடிக்கப்போகிற முதல் தேர்வு. மனு மேல் மனு போட்டு வாங்கிய அனுமதி. முந்தின நாள் மெஷினைக் கொண்டுபோய் அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். அன்று அது வாயைத் திறக்கவில்லை என்றால் பழைய முறைதான். நான் வாயால் சொல்ல, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

அதற்கு நான் தேர்வுக்கே போகாமல் வீட்டில் இருந்துவிடுவேன்.

ஜூன் 4, புதன்

அண்ணாச்சி இன்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றேன், வடிவும் பேசவில்லை.

ஜூன் 5, வியாழன்

பவுல்துரைக்குப் போன் போட்டேன். நாகர்கோவில்காரன், பாளையங்கோட்டையில் என்னோடு ஒரே ஹாஸ்டலில் படித்தவன், அவனுக்கும் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் கூட்டத்துக்கே அவன்தான் வைத்தியர். நோயாளியின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனை வைத்தால் போதும், அங்கிருந்தே நாடி பிடிப்பான்.

"எடே, சிஸ்டம் புதுசு, உன் வாசிப்பான் பழசு. ரெண்டுக்கும் ஒத்துவரல்ல. புது வெர்ஷன் ஒண்ணு வந்திருக்கு. அதப் போடு."

"பழசு?"

"அது கெடக்கட்டும், பொறவு பாப்போம்."

இந்தப் 'பொறவு பாப்போம்' என்ற வார்த்தையை இந்த மனிதனின் வாயிலிருந்து நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

புதியதைப் போட்டேன். பழையதும் இருக்கிறது. இரண்டுக்கும் தமிழ்க் குரல் ஒன்றுதான், அதாவது அண்ணாச்சிதான். இப்போது வீட்டில் இரண்டு அண்ணாச்சிகள். ஒருவர் ஆரம்பித்து அரைச் சொல் போனதும் இன்னொருவர் அதே வரியைப் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறார். இவரை நிறுத்த ஒரு விசையைத் தட்டினால் அவர் வேகமாகப் பேசுகிறார். அவரை நிறுத்தினால் இவர் நேற்றுத் திறந்த கடிதத்தை வாசிக்கிறார். இரண்டுக்கும் ஒரே விசைகள். எதைத் தட்டினாலும் இருவருமே 'என்னைத்தானே கூப்பிட்டாய்' என்று ஓடி வருகிறார்கள். சிஸ்டத்தோடு ஓசியில் வரும் இங்கிலீஷ் குரல் ஒன்று உண்டு, அவளையாவது கேட்போம் என்று எழுப்பினேன். அவளும் சேர்ந்துகொண்டாள்.

வடிவு அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, "என்ன, பஞ்சாயத்துக் கூட்டமா?" என்றாள்.

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. "நீ உன் சோலியப் பாரு" என்றேன்.

"திரையில என்னமோ கேள்வி கேக்குது. வாசிக்கவா?"

"வேண்டாம்."

போய்விட்டாள். இயர்போனை மாட்டிக்கொண்டேன். காதுக்குள் வந்து சண்டை போட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

டீக்கடையில் குத்தாலிங்கம். என் செக்ஷன்தான், பக்கத்து மேசை. கெட்டவர் இல்லை. நாக்கைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது, அவ்வளவே.

"என்னவே நயினாரு, பரீட்சைக்குத் தனியாவா போறீரு? வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போகலயா? போன தடவ அவங்க எழுதிக் குடுத்துல்லா பாஸானீரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விஷயம் என்னவென்றால், பதினோரு வருஷத்துக்கு முன் இந்த வேலைக்கான தேர்வை நான் எழுதியபோது எனக்காக விடைத்தாளில் வட்டம் கருக்க வந்தவள் வடிவுதான். காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் டீச்சர் அனுப்பி வந்தாள். அவள் கேள்வியை வாசித்தாள், நான் பதில் சொன்னேன், அவள் கருக்கினாள். முடிந்ததும் பஸ் ஏற்றிவிட வந்தாள். அடுத்த வாரம் போன் செய்தாள். மற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆபீஸுக்கும் தெரிந்த கதை, அங்கேதான் தொல்லை. அவர்கள் கணக்கில், படித்த பெண், பார்வை உள்ளவள், பையனைப் பிடித்துப்போய் சரியான வட்டமாகப் பார்த்துக் கருக்கிவிட்டாள்.

எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இதை எழுதும்போது தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது, மட்டமான தாள்.

வடிவிடம் இதைப் பற்றி நான் எதுவும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. ஆபீஸில் ஒரு கோப்பை இரண்டு முறை தப்பாக அடுக்கினேன். பவுல்துரை போனை எடுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

பவுல்துரை எடுத்தான். ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்தேன். நான் ஒரு விசையைத் தட்ட, மூன்று குரலும் கத்த, "செரி செரி, போதும்டே, தலை வலிக்கி" என்று அவனே கெஞ்சினான்.

"பழசப் பூராவும் நீக்கிரணும். ஆனா ஒண்ணு பாத்துக்கோ. நீக்கும்போது மூணு பேருக்கும் வாயடைக்கணும். யாராவது பேசிக்கிட்டிருந்தா அந்தக் குரல் உபயோகத்துல இருக்குன்னு சொல்லி மெஷின் நீக்க விடாது."

"மூணு பேரும் பேசலன்னா திரையில என்ன கேக்குதுன்னு எனக்கு எப்படிடே தெரியும்?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். கண்ணுள்ள ஆளு ஒருத்தரப் பக்கத்துல வச்சுக்கோ. வடிவு இருக்காள்லா?"

"பாப்போம்" என்றேன்.

இதுதான் எங்கள் பிழைப்பில் உள்ள கோளாறு. மற்றவர்கள் விளக்கை மாற்றும்போது கொஞ்ச நேரம் இருட்டில் நிற்பார்கள். நாங்கள் குரலை மாற்றும்போது ஒன்றுமே இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லித்தர, அதை நம்பிக்கொண்டு நிற்க வேண்டுமே, அதுதான் முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்

தனியாகவே முயன்றேன். மூன்று குரலையும் நிறுத்திவிட்டு, விசைகளை எண்ணி எண்ணித் தட்டினேன். எங்கே போனேன் என்று தெரியவில்லை. மறுபடி குரலை எழுப்பியபோது அச்சடிக்கும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நல்லவேளை, பிரிண்டர் வீட்டில் இல்லை.

ஜூன் 14, சனி

ஜங்ஷன் பக்கம் சர்வீஸ் கடைக்குப் போனேன். வடிவும் வந்தாள், அவளுக்கு அந்தப் பக்கம் வேலை இருந்ததாம். கடைக்காரர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவளைப் பார்த்துப் பேசினார். குரல் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியாதா?

"சாரு எதுக்கும்மா இத யூஸ் பண்ணுதாரு? பாட்டுக் கேக்கவா? ஃபார்மட் அடிச்சிருவோம், எல்லாம் கிளீனாயிரும்."

"சாருகிட்டயே கேளுங்க" என்றாள் வடிவு.

ஃபார்மட் அடித்தால் அண்ணாச்சியும் சேர்ந்து போய்விடுவார். அந்தக் குரலை இப்போது யாரும் தருவதில்லை, கம்பெனியே கைகழுவிவிட்டது. லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆட்டோ பிடித்தோம். முருகன்குறிச்சி தாண்டும்போது அவள், "நானே வாசிச்சுச் சொல்லுதேம்லா, அதுக்கு எதுக்குக் கடை?" என்றாள். ஹாரன் சத்தத்தில் கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

முன்பெல்லாம் தினமும் காலையில் காபியோடு எனக்குப் பேப்பர் வாசிப்பாள். முதல் பக்கத்திலிருந்து இரங்கல் விளம்பரம் வரை. லேப்டாப் வந்ததும் இனி வேண்டாம் என்று சொன்னேன். அவளுக்கும் வேலை மிச்சம் அல்லவா? சரி என்றாள். இந்த ஒரு வாரமாக அடுக்களையில் நின்று பேப்பரைச் சத்தம் போட்டு வாசித்துக்கொள்கிறாள். ஏனென்று தெரியவில்லை. காபி ஆறுகிற வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்பதற்காக இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்னும் ஒரு வாரம்தான். வேறு வழியில்லை. காலையில் வடிவை லேப்டாப் முன்னால் உட்காரவைத்தேன்.

"நல்லாக் கேட்டுக்க. திரையில வர்ற கேள்விய மட்டும் வாசி. நான் சொல்லுதத மட்டும் அமுக்கு. வேற ஒரு வார்த்தை பேசப்பிடாது. யோசனை சொல்லப்பிடாது."

நாற்காலி நகர்ந்தது. அவள் நிமிர்ந்து உட்காருவது கேட்டது.

"சரி" என்றாள். சின்னக் குரல். எங்கேயோ கேட்ட குரல்.

மூன்று பேர் வாயையும் அடைத்தோம். ஃபேன் சத்தம் மட்டும். அவள் இங்கிலீஷில் வாசித்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"இந்த மென்பொருளை நீக்க விரும்புகிறீர்களா?"

"ஆமா."

டிக்.

"உங்கள் தனி அமைப்புகளையும் நீக்கலாமா?"

"ஆமா."

டிக்.

"சில கோப்புகளை வேறு மென்பொருட்களும் பயன்படுத்துகின்றன. அவற்றையும் நீக்கலாமா?"

"ஆமா."

டிக் கேட்கவில்லை. அவள் மறுபடி வாசித்தாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு டிக்டேஷன் போடுவதுபோல. "சில கோப்புகளை. வேறு மென்பொருட்களும். பயன்படுத்துகின்றன."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கண்ணுதான் இல்ல, காது நல்லாத்தான் கேக்குது. வாசிச்சதையே வாசிக்காத. ஆமான்னு அமுக்கு."

டிக்.

மெஷின் அணைந்து திரும்ப வந்தது. புதிய வாசிப்பானைக் கூப்பிட்டேன். பேச்சில்லை. மறுபடி தட்டினேன். பேச்சில்லை. இங்கிலீஷ்காரியை எழுப்பினேன். அவள் மட்டும் சுறுசுறுப்பாக வந்து நின்றாள். தமிழ் எழுத்தைக் காட்டினால் அவளுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. தேர்வு முழுக்கத் தமிழில்.

ஆமாம் ஆமாம் என்று சொல்லி அண்ணாச்சியை நானே அனுப்பிவிட்டேன். புதியதும் அவர் குரலைத்தான் கடன் வாங்கிப் பேசிக்கொண்டிருந்தது. இப்போது எதற்கும் குரல் இல்லை.

சாப்பிடவில்லை.

ஜூன் 16, திங்கள்

லீவு சொன்னேன். வடிவும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லியிருக்கிறாள் என்பது அவள் வளையல் சத்தம் எட்டு மணிக்கு மேலும் வீட்டுக்குள்ளேயே கேட்டபோதுதான் தெரிந்தது. அவள் அங்கே கணக்கு எழுதுகிறாள், லேசில் லீவு தர மாட்டார்கள்.

காலை முழுக்க நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பிறகு கேட்டுவிட்டேன்.

"நீயும் படிச்சவதான? அந்தக் கேள்விக்கு ஆமான்னு சொல்லப்பிடாதுன்னு ஒனக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுது."

நான் நின்றுவிட்டேன்.

"தெரிஞ்சா? தெரிஞ்சுமா அமுக்குன?"

"நீங்க யோசனை சொல்லப்பிடாதுன்னீய. நான் ரெண்டாவது தடவ வாசிச்சேன்."

"வாசிச்சா? வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா உங்க பக்கத்துல அப்டி உக்காந்ததும் எனக்குப் பழைய புத்தி வந்துட்டு. அன்னைக்கும் வாய் வரைக்கும் வந்துச்சு."

"என்னைக்கு?"

அவள் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பரீட்சை அன்னைக்கு. உள்ள போகும்போதே அந்தப் பெரிய அதிகாரி என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. கேள்விய ரெண்டு தடவ வாசிக்கலாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்துச்சுன்னா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவேன்னாரு. எனக்குப் பயமாயிட்டு. என்னால உங்க வேலை போயிரப்பிடாதேன்னு."

"சரி, அதுக்கென்ன?"

"தாமிரபரணி எங்க கடல்ல சேருதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

இல்லை. உண்மையாகவே இல்லை.

"நாலு ஊரு போட்டிருந்தான். நீங்க காயல்பட்டினம்னு சொன்னீய. நான் ரெண்டாவது தடவ வாசிச்சேன், மெதுவா. புன்னக்காயல்ங்கிற எடத்துல நிறுத்தக்கூடப் பயந்துக்கிட்டு எல்லாத்தையும் ஒரே மாதிரி வாசிச்சேன். நீங்க என்ன சொன்னீய தெரியுமா? வாசிச்சதையே வாசிக்காதீங்கம்மா, கருக்குங்கன்னீய."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு ஊரு முக்காணி. ஆத்தோரமா நடந்தா எங்க கொண்டுபோய் விடும்னு எங்க ஊர்ல நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். நான் காயல்பட்டினம்னு கருக்குனேன். கருக்கிட்டு அழுகையா வந்துச்சு. அந்த ஒரு மார்க்குல உங்களுக்கு வேலை போயிட்டா என்ன செய்யன்னு. ரிசல்ட் வர்ற வரைக்கும் எனக்கு நிம்மதியே இல்ல. அதுக்குத்தான் அடுத்த வாரம் போன் போட்டேன்."

பதினோரு வருஷமாக அந்தப் போன் வேறு எதற்காகவோ வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு என்ன ஆனது என்று எழுத வேண்டும். சந்தோஷமாக இருந்தது. லேப்டாப் செத்துக் கிடக்கிறது, தேர்வு தலைக்கு மேலே நிற்கிறது, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாபநாசத்துக்காரன் நான். ஆறு விழுகிற அருவிச் சத்தத்தில் வளர்ந்தவன், அது கடைசியில் எங்கே போகிறதென்று தெரியாமல் சொல்லியிருக்கிறேன். அது தெரிந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்ன தப்பை அப்படியே கருக்கிக் கொடுத்திருக்கிறாள். அப்படியானால் சரியாகச் சொன்ன மற்றதெல்லாம் யார் சொன்னது? நான்தான். எல்லாம் நான்தான்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இவ்வளவு சந்தோஷப்படுகிறேன் என்றால் இத்தனை நாள் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்?

அவளுக்கும் அது புரிந்திருக்கும். "ஆபீஸ்ல என்ன பேசுதாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிய?" என்றாள். "குத்தாலிங்கம் அண்ணன் சம்சாரம் ஒரு கல்யாண வீட்டுல எங்கிட்டயே கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"அவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல? நீங்க கேப்பியன்னு இருந்தேன். கேட்டுருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேம்லா. நீங்க கேக்கவே இல்ல. சண்டை போட்டுக் கேட்டுருந்தாக்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது."

இதற்கு நான் சொன்ன பதிலை எழுதவில்லை. சரியான பதிலாக அது இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

பவுல்துரையிடம் சொன்னேன். முதலில் வாய்க்கு வந்தபடி ஏசினான்.

"எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்ல இது என்ன கல்யாணப் பந்தியாடே?"

பிறகு, தன் பழைய கம்ப்யூட்டர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, அதில் அண்ணாச்சி இன்னும் உயிரோடு இருந்தால் அனுப்பிவைக்கிறேன் என்றான். எழும்புமோ எழும்பாதோ தெரியாதாம். சாயங்காலம் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வரவில்லை.

ஜூன் 18, புதன்

வரவில்லை. ஆபீஸில், இன்னொரு ஆளை வைத்து எழுதுவதற்கான படிவத்தைக் கொடுத்தார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். போன திங்கட்கிழமைக்கு முன்னால் என்றால் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். இப்போது அவ்வளவு வெறுப்பு இல்லை. ஆனாலும் எனக்கு அண்ணாச்சி வேண்டும். என் கையால் ஒரு தடவையாவது எழுத வேண்டும். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை, ஆசையாக இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

வந்துவிட்டது! மத்தியானம் பவுல்துரை போனில், "உன் அண்ணாச்சிய அனுப்பியாச்சு. தூசி தட்டி எழுப்பதுக்குள்ள என் சீவன் போச்சு" என்றான்.

சாயங்காலம் வடிவும் நானும் உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் பயம். பவுல்துரை போனில் காத்திருந்தான். முதலில் புதிய வாசிப்பானையும் நீக்கித் துடைத்துவிட்டு மறுபடி அதையே போட்டோம். பிறகு அண்ணாச்சியை அதற்குள் இறக்க வேண்டும். வடிவு வாசித்தாள்.

"இதே பெயரில் பழைய அமைப்பு ஒன்று மீதமிருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாமா, மாற்றலாமா?"

எனக்கு வாயில் பதில் தயாராக இருந்தது. வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அது. பழையதை நீக்கப் போய்த்தானே போன முறை கெட்டது.

அவள் மறுபடி வாசிக்கவில்லை. ஒரு தடவைதான் வாசித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு காத்திருந்தாள்.

"வடிவு."

"ம்."

"நீ என்ன நெனைக்க?"

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் சொல்லலாமா?"

"சொல்லு."

"மாத்தணும்னு தோணுது. நாமதான் எல்லாத்தையும் நீக்கிட்டோமே, பொறவு மிச்சம் எங்கேருந்து வரும்? அது அந்தத் திக்குவாய் காலத்துல உள்ளதா இருக்கும். அத வச்சா மறுபடி ரெண்டு பேரும் முட்டிக்கிடுவாங்க."

"எடே, சரியாத்தான் சொல்லுகா" என்றான் பவுல்துரை.

"மாத்து" என்றேன்.

டிக். மெஷின் அணைந்தது. திரும்ப வருகிற வரை அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், அல்லது நான் அவளுடையதையா என்று தெரியவில்லை. தட்டினேன்.

"வணக்கம்" என்றார் அண்ணாச்சி. ஒரே ஒரு அண்ணாச்சி.

வடிவு கை தட்டினாள். போனில் பவுல்துரை ஸ்தோத்திரம் சொன்னான். நான் எழுந்து போய் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 21, சனி

மெஷினைக் காட்டினோம். அதிகாரி தமிழில் ஒரு பத்தியைக் கொடுத்தார், அண்ணாச்சி பிசிறில்லாமல் வாசித்தார். "இதென்ன, ரேடியோக்காரர் மாதிரி இருக்காரே" என்றார் அதிகாரி. முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்கள். படிவத்தை வடிவு அடுப்பில் போட்டாளா, குப்பையில் போட்டாளா என்று கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எழுதிவிட்டேன். ஐந்து பெரிய கேள்விகள். ஒவ்வொன்றையும் அண்ணாச்சியை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது கேள்வியை முதல் தடவை தப்பாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன்.

பாஸாவேனா என்று தெரியாது. கை வலிக்கிறது. வடிவு வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குப் போ என்று சொல்லியிருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

டீக்கடை. குத்தாலிங்கம் விடவில்லை.

"என்னவே, தனியா எழுதியாச்சா? வீட்டம்மா இல்லாம ஓடுச்சா வண்டி?"

"அண்ணே, தாமிரபரணி எங்க கடல்ல சேருது?" என்றேன்.

"இது என்னவே கேள்வி, புன்னக்காயல்ல."

"நான் வேலைக்கு எழுதுன பரீட்சையில காயல்பட்டினம்னு சொன்னேன். அந்த முக்காணிக்காரி பக்கத்துல உக்காந்து, தப்புன்னு தெரிஞ்சே, காயல்பட்டினம்னு கருக்கிக் குடுத்தா."

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. குத்தாலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு டீ சொல்லட்டா?" என்று கேட்டார். சொல்லுங்க என்றேன். வாழ்க்கையில் ஒரு தப்புப் பதிலை இவ்வளவு பெருமையாக நான் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அடுக்களையில் வடிவு வழக்கம்போல் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். காலையில் வாசிக்க நேரமில்லையாம். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு உள்ளே போய் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நிறுத்தினாள்.

"வாசி" என்றேன்.

"பாதி முடிச்சுட்டேனே. மொத பக்கமெல்லாம் போயிட்டு."

"மொதல்லேருந்து வாசி."

"வாசிச்சதையேவா?"

"ஆமா."